புலிப் பாதம்

புலி விரல்களை ஊன்றி நடக்கும். குதிகால் தரையில் படாது. முன்னங்காலில் ஐந்து விரல், பின்னங்காலில் நான்கு. ஐந்தாவது விரல் சற்று மேலே உட்புறமாக இருப்பதால் தடத்தில் பதிவதில்லை. இரையை இறுக்கிப் பிடிக்கையில்தான் அதற்கு வேலை. விரல் நுனி எலும்பை மீள்தன்மையுள்ள நார் ஒன்று பின்னோக்கி இழுத்தே வைத்திருப்பதால், நகத்தை உள்ளே வைத்திருக்கப் புலி மெனக்கெட வேண்டியதில்லை. வெளியே நீட்டத்தான் தசையை இறுக்க வேண்டும். மண்ணில் உரசாத நகம் கூர் மழுங்காது. மரத்தைக் கீறும்போது நகத்தின் பழைய மேலுறை கழன்று விழ, அடியிலிருந்து புதிய கூர் வெளிப்படும்.

நாயின் தடத்தில் நகக்குறி தெரியும். வழுக்குச் சேற்றில் தவிர, புலித்தடத்தில் தெரியாது. நான்கு விரல்கள், அவற்றின் பின்னே மூன்று மேடாக முடியும் அகன்ற திண்டு: காட்டில் திரிபவர் பார்த்ததும் அறியும் அடையாளம் இது. பின்னங்கால் தடம் ஏறக்குறையச் சதுரமாக இருந்தால் ஆண், நீண்டிருந்தால் பெண் என்பார்கள்.

இந்த அறிவை அரசுக் கணக்கெடுப்பாக்கியவர் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி. 1960களில் அவர் வகுத்த முறைப்படி, தடத்தின் மேல் கண்ணாடி வைத்து அதன் வரம்பை வரைந்தார்கள். பாரிஸ் சாந்து ஊற்றி அச்சும் எடுத்தார்கள். 1972இல் நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 1,827 புலிகள் என்றது. மறு ஆண்டே புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியது. அந்த அளவில் இம்முறைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஒரே பாதம் மணலில் ஒரு விதமாகவும் ஈரக் களிமண்ணில் வேறு விதமாகவும் பதியும். கூண்டுப் புலிகளின் தடங்களைக் கொடுத்துச் சோதித்த காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் காரந்த், இருந்ததைவிட அதிகமான புலிகளை அதிகாரிகள் எண்ணிவிடுவதை 1980களிலேயே காட்டினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது வெளிப்பட்டது. முந்தைய ஆண்டின் ஏட்டிலோ புலிகள் இருந்தன. வேட்டைக்காரர்கள் கொன்றதைத் தடக் கணக்கு மறைத்துவிட்டது என்பதே இதில் வேதனை. 2006 முதல் தானியங்கிக் கேமராவில் பதியும் உடல் வரிகளே கணக்கெடுப்பின் அடிப்படை. அப்போது 1,411 என்றிருந்த மதிப்பீடு 2022இல் சராசரியாக 3,682 ஆனது. தடங்களைத் தேடிக் குறிக்கும் வனக்காவலரின் நடை இன்றும் அக்கணக்கெடுப்பின் முதல் கட்டம்.

நகத்துக்குத் தனிச் சோகம் உண்டு. தங்கம் கட்டிய புலிநகப் பதக்கம் பெருமைக்குரிய நகையாக இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உரிமைச் சான்றில்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். சந்தையில் விற்பவற்றில் பல மாட்டுக் கொம்பில் செதுக்கிய போலிகள். ஆனாலும் புலிநகம் அணியும் ஆசைதான் உண்மையான நகத்துக்கும் விலை ஏற்றுகிறது.

புலிப் பாதமே பதியாத காடுகளும் உண்டு. அந்தமான் நிகோபார் தீவுகளில் இயல்பாகப் புலி கிடையாது. காட்டுப் பூனையினம் எதுவும் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் கொண்டுவந்து விடப்பட்ட புள்ளிமான்கள் அங்கே பெருகின. ராஸ் தீவில், இன்றைய நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவில், அவை பயணிகளின் கையருகே வந்து நிற்கின்றன. காடுள்ள தீவுகளில் இளஞ்செடிகளை அவை மேய்ந்துவிடுவதால் மரங்கள் மறுபடி தழைப்பது தடைபடுகிறது. அங்கே அவற்றைக் கட்டுக்குள் வைக்க நகமுள்ள பாதம் ஏதுமில்லை.