இருப்புணர்வு

ஒருவர் தாம் ஓரிடத்தில் இருப்பதாக மனமும் உடலும் சேர்ந்து ஏற்கும் நிலையே இருப்புணர்வு. அன்றாட வாழ்வில் இதை யாரும் தனியே கவனிப்பதில்லை. வேறோர் உலகுக்குள் நுழையும்போதுதான் இது கண்ணில் படுகிறது.

தொலைவிலுள்ள இயந்திரக் கைகளை இயக்குபவர் அங்கேயே இருப்பதுபோல் உணர வேண்டும் என்று 1980இல் எழுதிய ஆய்வாளர் மார்வின் மின்ஸ்கி, அந்த உணர்வைக் குறிக்கும் ‘டெலிபிரசென்ஸ்’ என்ற சொல்லைப் பரவலாக்கினார்.

இருப்புணர்வு ஆய்வின் புகழ்பெற்ற சோதனை வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பள்ள அறை. மெய்நிகர் கருவியைத் தலையில் மாட்டியவர் அடுத்த அறைக்குள் போனதும், தரை நடுவே சுமார் 20 அடிப் பள்ளம் தெரியும். உண்மையில் அங்கிருப்பது சமதரைதான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் இதயத் துடிப்பு எகிறும். பள்ளத்தின் விளிம்பு வரும் இடத்தில் ஒன்றரை அங்குல உயரப் பலகை ஒன்றைப் போட்டார்கள். கால்விரல்கள் அதன் ஓரத்தைத் தொட்டதும் துடிப்பு இன்னும் கூடியது. 2002இல் வெளியான இந்த ஆய்வின் அருமை, வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் உடலையே சாட்சிக்கு அழைத்ததில் இருக்கிறது.

‘இங்கே இருக்கிறேன்’ என்பதும் ‘இது நிஜமாக நடக்கிறது’ என்பதும் வெவ்வேறு மாயைகள் என 2009இல் மெய்நிகர் ஆய்வாளர் மெல் ஸ்லேட்டர் பிரித்துக் காட்டினார். இந்த உணர்வு மருத்துவத்துக்கும் உதவியது: தீக்காய நோயாளிகளை வலியை மறக்கச் செய்ய, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ‘ஸ்னோவேர்ல்ட்’ என்ற மெய்நிகர் பனியுலகம் உருவானது.

இதே உணர்வைத் தர நாவலுக்குத் திரையும் வேண்டாம், கருவியும் வேண்டாம். கதையுலகுக்குள் வாசகர் பயணப்படுவதை 1993இல் ஆய்வாளர் ரிச்சர்ட் கெரிக் தனி நூலாகவே ஆராய்ந்தார்.