எஃப்-1 கத்தரியும் நாட்டுக் கத்தரியும்: விதைப் பொட்டலத்தின் வரலாறு

நமது குடியிருப்பில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "கடையில் வாங்கிய விதை முதல் தடவை அருமையாகக் காய்த்தது. அந்தக் காயிலிருந்தே விதை எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி வருகிறதே, ஏன்?" உரம் சரியில்லை, மண் சரியில்லை என்று பல பதில்கள் சொல்கிறோம். பெரும்பாலும் காரணம் பொட்டலத்தின் மேல் சிறியதாக அச்சிட்டிருக்கும் "எஃப்-1" என்ற குறிதான். அந்தக் குறிக்குப் பின்னால் 150 ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

நமக்குக் கிடைக்கும் காய்கறி விதைகள் மூன்று வகை. தலைமுறை தலைமுறையாக மக்களே விதை எடுத்துக் காப்பாற்றி வந்தவை நாட்டு ரகங்கள். ஆராய்ச்சி நிலையங்கள் தேர்ந்தெடுத்துச் சீராக்கி வெளியிட்டவை மேம்படுத்திய ரகங்கள். இவை இரண்டிலும் பூ இயல்பாக மகரந்தச் சேர்க்கை ஆகிக் காய்க்கும். வேறு ரகத்தோடு கலக்காமல் பார்த்துக்கொண்டால் பிள்ளையும் தாயைப் போலவே இருக்கும். மூன்றாவது வகை, இரண்டு வெவ்வேறு பெற்றோரை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்த்து உண்டாக்கும் வீரிய ஒட்டு ரகம், அதாவது ஹைபிரிட்.

இதற்கு விதி கண்டவர் கிரெகோர் மெண்டல் என்ற துறவி. இன்றைய செக் நாட்டில் உள்ள புர்னோ நகரின் மடத்துத் தோட்டத்தில் அவர் பட்டாணி பயிரிட்டார். விதை வியாபாரிகளிடமிருந்து 34 பட்டாணி ரகங்களை வாங்கி, இரண்டு ஆண்டுகள் சோதித்து, நிலையாக வந்த 22 ரகங்களை வைத்துக்கொண்டார். உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் சேர்த்தபோது முதல் தலைமுறை முழுவதும் உருண்டையாகவே வந்தது. அதிலிருந்து எடுத்த இரண்டாம் தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். முதல் தலைமுறையில் மறைந்திருந்த குணம் இரண்டாவதில் பிரிந்து வெளியே வந்துவிட்டது. 1866இல் அச்சான இந்த ஆய்வை 1900 வரை உலகம் கண்டுகொள்ளவில்லை. பின்னாளில் முதல் தலைமுறைக்கு எஃப்-1, இரண்டாவதற்கு எஃப்-2 என்று பெயரிட்டார்கள். நம் மாடியில் இரண்டாம் தடவை தாறுமாறாக வரும் கத்தரி, இந்த எஃப்-2தான்.

மெண்டலின் விதியை வியாபாரமாக்கியது அமெரிக்க மக்காச்சோளம். 1908இல் ஜார்ஜ் ஷல் என்ற விஞ்ஞானி, சோளத்தைத் தன்னுடனேயே பல தலைமுறை சேர்த்தால் நலிந்துபோகிறது, அப்படி நலிந்த இரண்டு வரிசைகளைச் சேர்த்தால் பிள்ளைகள் வீரியத்தோடு எழுகின்றன என்று எழுதினார். 1926இல் அயோவா மாநிலத்தில் ஹென்றி வாலஸ் என்பவர் ஒட்டுச்சோள விதை விற்க ஒரு நிறுவனம் தொடங்கினார். பின்னாளில் அமெரிக்கத் துணை ஜனாதிபதியானவர் அவர்தான். 1930களின் தொடக்கத்தில் அபூர்வமாக இருந்த ஒட்டு விதை, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அயோவா வயல்கள் அனைத்தையும் ஏறக்குறையப் பிடித்துக்கொண்டது. விளைச்சல் கூடியது உண்மை. அதே சமயம், அறுவடையில் ஒரு பங்கை விதைக்கு எடுத்து வைத்த விவசாயி வருடந்தோறும் விதைக்கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஆனார். பூட்டு எதுவும் போடாமலேயே விதைக்குப் பூட்டு விழுந்தது.

காய்கறியில் இந்த வேலை எங்கே தொடங்கியது தெரியுமா? ஜப்பானில், அதுவும் கத்தரியில். கத்தரி இந்தியாவிலும் அதை ஒட்டிய கிழக்குப் பகுதிகளிலும் பயிராகி, சீனா வழியாக 8ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பான் போய்ச் சேர்ந்த செடி. அங்கே தொயாமா என்ற விஞ்ஞானி 1906 வாக்கில் பட்டுப்புழுவில் ஒட்டினத்தின் பலனைக் காட்டியிருந்தார். அந்த வழியில் 1924இல் சைத்தாமா மாகாண ஆராய்ச்சி நிலையம் ஒட்டுக் கத்தரியை வெளியிட்டது. பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்க்க வேண்டிய வேலை இது. ஆனாலும் ஒரே காயில் நூற்றுக்கணக்கான விதைகள் கிடைப்பதால் கட்டுப்படியானது. ஒட்டு விதையின் விலை கூடுதலாக இருப்பதற்கும் இந்தக் கைவேலையே முக்கியக் காரணம்.

நம் நாட்டில் தேசிய விதைக் கழகம் 1963இலும் விதைச் சட்டம் 1966இலும் வந்தன. டெல்லி பூசா நிறுவனம் 1971இல் 'பூசா மேக்தூத்' என்ற ஒட்டுச் சுரைக்காயைத் தந்தது. 1973இல் பெங்களூரு தனியார் நிறுவனம் ஒன்று ஒட்டுத் தக்காளியையும் ஒட்டுக் குடைமிளகாயையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1988ஆம் ஆண்டு விதைக் கொள்கை, காய்கறி விதை இறக்குமதியைத் தளர்த்தியது. அதற்குப் பிறகுதான் பளபளப்பான பொட்டலங்கள் கடைகளை நிறைத்தன.

இந்தக் கதையில் நாம் மறந்துவிடும் பகுதி நடுவில் இருக்கிறது. கோ-2 என்ற கோவைக் கத்தரி, உள்ளூர் வரிக்கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. மதுரையின் எம்.டி.யு.-1, கள்ளம்பட்டி நாட்டுக் கத்தரியிலிருந்து வந்தது. பெரியகுளத்தின் பி.கே.எம்.-1, புழுதிக் கத்தரியிலிருந்து உண்டாக்கியது. ஏதோ ஓர் ஊரில் யாரோ முற்றிய காயைப் பறித்து, விதையைச் சாம்பலில் புரட்டி, அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைத்திராவிட்டால் விஞ்ஞானிகளுக்குத் தேர்ந்தெடுக்க எதுவும் இருந்திருக்காது. ஒட்டு ரகத்தின் பெற்றோரும் இப்படிப்பட்ட சேமிப்பிலிருந்தே வருகிறார்கள். மிளகாய் போர்த்துக்கீசியர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர். ஆனால் இராமநாதபுரத்துக்காரர்கள் காப்பாற்றிய முண்டு மிளகாய், வேலூர் இலவம்பாடி முள்ளுக் கத்தரியோடு சேர்ந்து 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. எங்கே பிறந்தது என்பதை விட, யார் விதை எடுத்து வைத்தார்கள் என்பதே ஒரு ரகத்தைப் பாரம்பரியம் ஆக்குகிறது.

ஒட்டு ரகத்தைத் தீண்டக்கூடாது என்று சொல்லவில்லை. சீராகக் காய்க்கும், சிலவற்றுக்கு நோய் தாங்கும் சக்தியும் உண்டு. மரபணு மாற்றிய விதையும் இதுவும் ஒன்று என்று சிலர் பயப்படுகிறார்கள். அது வேறு, இது வேறு. மரபணு மாற்றிய பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. வங்கியில் வேலை பார்த்தவன் கணக்கில் சொன்னால், ஒட்டு விதை வருடாந்திரச் செலவு. நாட்டு விதையும் மேம்படுத்திய ரகமும் முதலீடு. முதலைத் தொடாமல் வட்டியைச் சாப்பிடலாம். ஆனால் இந்தக் கணக்கு வரவு வைக்காமல் விட்டால் அடைபட்டுவிடும். இரண்டு மூன்று வருடம் யாரும் விதைக்காத கத்தரி விதை மெல்ல மெல்ல முளைப்புத்திறனை இழக்கும். ஓர் ஊரில் மட்டும் இருந்த ரகம் என்றால், அதோடு அது போயிற்று.

சட்டமும் நமக்கு இடம் தருகிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் விவசாயிக்கு உள்ள உரிமையை எழுத்தில் உறுதி செய்திருக்கிறது.

மாடியில் செய்யக்கூடியது எளிது. நல்ல செடியைத் தேர்ந்தெடுத்து, அதில் இரண்டு மொட்டுகளை மெல்லிய துணிப்பையால் மூடி, பக்கத்து ரகத்தின் மகரந்தம் வராமல் பாருங்கள். காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அடையாளக் கயிறு கட்டுங்கள். காய் மஞ்சளாகிப் பழுத்த பிறகு விதையைப் பிதுக்கி நீரில் அலசி, மிதப்பதைக் கொட்டிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் உலர்த்துங்கள். தக்காளி, அவரை, காராமணி தன் மகரந்தத்திலேயே பெரும்பாலும் காய்ப்பதால் இன்னும் சுலபம். பூசணி, சுரை, பீர்க்கன் எளிதில் கலந்துவிடும். அவற்றுக்குக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும்.

ஒரே வீட்டில் எல்லா ரகத்தையும் வைத்திருக்க இடம் போதாது. ஒரு வீட்டுக்கு ஒரு ரகம் என்று பொறுப்பெடுத்தால் நம் குடியிருப்பே ஒரு விதைக் கிடங்கு. பெயர், ஊர், விதை எடுத்த மாதம் மூன்றையும் உறையில் எழுதி, அடுத்த மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். ஆடிப்பட்டத்துக்கு முன்பு பரிமாறிக்கொள்வோம்.