மாவட்ட மனநலத் திட்டம்

மனநோய்க்கான சிகிச்சையை நோயாளியின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இலவசமாகத் தருவதற்காக இந்திய அரசு 1996-இல் தொடங்கிய திட்டம். 1982-இல் வகுக்கப்பட்ட தேசிய மனநலத் திட்டத்தின் களவடிவம் என்று இதைச் சொல்லலாம். நான்கு மாவட்டங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 1997-இல் திருச்சிராப்பள்ளிக்கு முதலில் வந்தது.

நெடுங்காலம் மனநோய் மருத்துவம் என்றால் பெருநகர மனநல மருத்துவமனைதான். சென்னையில் 1794-இல் தோன்றிய நிறுவனம் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரையே வசைச்சொல்லாக்கிவிட்டது. நோயாளியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராத குடும்பங்கள் உண்டு. அதை மனமின்மை என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. வந்துபோக வழியற்றவர்களும் அவர்களில் பலர். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, உறவினரை நோயாளியுடனேயே தங்கவைத்தார். நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் தெரிந்துகொண்ட குடும்பம், குணமானவரைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது நடைமுறையானது.

அடுத்த படி, மருத்துவமே ஊருக்குப் போவது. 1975-இல் சண்டிகருக்கு அருகே ராய்ப்பூர் ராணியிலும் பெங்களூருக்கு அருகே சகல்வாராவிலும் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆரம்பச் சுகாதார நிலைய மருத்துவருக்குக் குறுகிய காலப் பயிற்சியும் சில அடிப்படை மருந்துகளும் கொடுத்தால் பெரும்பாலான நோயாளிகளை அங்கேயே கவனிக்க முடியும் என்று தெரிந்தது. இதையே 1985 முதல் பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம் பெல்லாரி மாவட்டம் முழுவதிலும் செய்துகாட்டியது. இன்றைய திட்டத்துக்கு அதுவே முன்மாதிரி.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் கொண்ட குழு இருக்கும். குறித்த நாள்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் அக்குழு போகும். மாத்திரை இலவசம். ஆனால் செலவு மாத்திரையோடு முடிவதில்லை. 2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயாளி உள்ள குடும்பங்கள் சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்குமே மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டன. துணைக்குப் போகிறவரின் அன்றைய கூலியும் போய்விடுகிறது. மருந்து இருப்பில் இல்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால், அடுத்த மாதம் அந்தக் குடும்பம் வருமா என்பது சந்தேகமே. சிகிச்சை எட்டாத தூரத்தில் இருப்பது எவ்வளவு கொடியது என்பதை 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடி காட்டியது. தனியார் காப்பகம் ஒன்றில் பிடித்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மடிந்தனர். அத்தகைய காப்பகங்களில் உறவினரை விட்டுச் சென்றவர்கள் பெரும்பாலும் ஏழைகள்.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017 சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு அரசு நிலையங்களில் இலவச சிகிச்சையை உரிமையாக்குகிறது. வாழும் மாவட்டத்தில் குறைந்தபட்ச அரசுச் சேவை இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறிடத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வேண்டும். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். குடும்பத்துக்குத் துணைநிற்கும் சேவைகளும் வீட்டிலேயே மறுவாழ்வு அளிப்பதும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் மிகவும் பின்தங்கியிருப்பது இந்தக் கடைசிப் பகுதிதான். காலியான மருத்துவர் இடங்களைப் பற்றியாவது பேச்சு எழுகிறது. வருடக்கணக்காக இரவில் உறங்காமல் பார்த்துக்கொள்ளும் தாயைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

திட்டத்துக்குத் துணையாக 2022 அக்டோபர் 10 முதல் ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவை இயங்குகிறது. எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தமக்காகவும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.