தேங்காய் எண்ணெயும் இரத்தத்தில் கொழுப்பின் பயணமும்

கொழுப்பு நீரில் கரையாது. இரத்தத்தின் பெரும்பகுதியோ நீர். அதனால் புரதப் போர்வை போர்த்திய சிறு உருண்டைகளாகவே கொழுப்பு இரத்தத்தில் செல்கிறது. இவ்வுருண்டைகள் லிப்போபுரதங்கள் எனப்படும். அவியல், தீயல், ஏத்தங்காய் சிப்ஸ் என எல்லாவற்றிலும் தேங்காய் எண்ணெய் மணக்கும் நாஞ்சில் நாட்டில் இந்தப் பயணத்தை அறிந்துகொள்வது மிகவும் தேவை.

குடலுக்கு வரும் கொழுப்பைப் பித்தநீர் நுண்துளிகளாக்குகிறது. கணையத்தின் லிப்பேஸ் நொதி அதைப் பிரிக்கிறது. குடற்சுவர் செல்கள் பிரிந்தவற்றை மறுபடி ட்ரைகிளிசரைடாக இணைத்து, கைலோமைக்ரான் என்னும் உருண்டைகளாகக் கட்டுகின்றன. இவை குடலின் இரத்தத் தந்துகிகளில் நுழைய முடியாத அளவு பெரியவை. ஆகவே நிணநீர்க் குழாய்களில் ஏறி, இடப்பக்கக் கழுத்தடியில் சிரையைச் சேர்கின்றன. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரோ அசெல்லி, உணவுண்ட நாயின் வயிற்றைத் திறந்தபோது கண்ட வெண்ணிற இழைகள் இக்குழாய்களே. கல்யாணச் சாப்பாட்டுக்குப் பின் சில மணி நேரம் இரத்தத்தின் பிளாஸ்மா கைலோமைக்ரான்களால் பால்போலக் கலங்கியிருக்கும். ட்ரைகிளிசரைடு பரிசோதனைக்கு 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிற்றோடு வரச் சொல்வது இதனால்தான்.

தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள தந்துகிச் சுவர்களில் கைலோமைக்ரானின் சரக்கு இறங்குகிறது. எஞ்சியதை ஈரல் எடுத்துக்கொள்ளும். ஈரலும் தன் பங்குக்குக் கொழுப்பை ஏற்றி விஎல்டிஎல் என்னும் உருண்டைகளை அனுப்புகிறது. சரக்கிறங்கிய விஎல்டிஎல்லின் ஒரு பகுதி, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் ஆகிறது. எல்டிஎல்லைச் செல்லுக்குள் எடுக்கும் ஏற்பியைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர்.

தேங்காய் எண்ணெய் நேரே ஈரலுக்குப் போய் எரிந்துவிடும், உடம்பில் தங்காது என்று பலர் நம்புகிறார்கள். இது பாதி உண்மைகூட இல்லை. 8, 10 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலங்கள்தாம் போர்ட்டல் சிரை வழியே நேரே ஈரலை அடைகின்றன. தேங்காய் எண்ணெயில் அவை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே. பாதியளவு இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்றக் கொழுப்புகளைப் போலக் கைலோமைக்ரானில் ஏறி, நிணநீரின் சுற்றுவழியில்தான் போகிறது. தேங்காய் எண்ணெயில் சுமார் 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. அது ஈரலில் எல்டிஎல் ஏற்பிகளைக் குறைப்பதால் இரத்தத்தில் எல்டிஎல் கூடுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல்லும் சற்று உயரும். அந்த உயர்வு எல்டிஎல்லின் கேட்டை ஈடுசெய்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

குளச்சல், முட்டம் கரைகளில் கிடைக்கும் சாளை மீனின் ஒமேகா-3 கொழுப்போ, ஈரல் விஎல்டிஎல் அனுப்புவதைக் குறைக்கிறது. அந்தச் சாளையைத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பதைவிடப் புளிமுளம் என்னும் குழம்பாக வைத்து உண்பதே நல்லது.