என்டெரோவைரஸ் தொற்று: தைவான் 1998 உணர்த்துவது

1998இல் தைவானில் கை, கால், வாய் நோய் பரவியபோது கண்காணிப்பு மருத்துவர்களின் பதிவில் ஏறியவர்கள் 1,29,106 பேர். கடுமையான நிலைக்குப் போனவர்கள் 405, இறந்தவர்கள் 78. இறந்தோரில் 71 பேர் ஐந்து வயதைத் தாண்டாதவர்கள். 65 பேருக்கு நுரையீரலில் நீர் கோத்தோ இரத்தம் கசிந்தோ இருந்தது. சிறு குழந்தைகளுக்கான சிகிச்சை பற்றிய பேச்சு இந்தக் கடைசி எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

நுரையீரலில் நீர் கோத்தாலும் கோளாறின் இருப்பிடம் மூளைத்தண்டு. இந்நோயை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்றான என்டெரோவைரஸ் ஏ71 அதைத் தாக்கும்போது தன்னியக்க நரம்புகள் கட்டுப்பாடிழக்கின்றன. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. சில மணி நேரத்தில் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கு வழக்கம்போல் தாராளமாக டிரிப்ஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும். நோயைப் படிநிலைகளாகப் பிரித்து, நீரின் அளவைக் கட்டுப்படுத்தி, செயற்கைச் சுவாசத்தை முன்கூட்டியே தொடங்கும் முறையைத் தைவான் மருத்துவர்கள் வகுத்தபின் உயிரிழப்பு குறைந்தது. வைரஸை ஒழிக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லாத நிலையில், முன்கூட்டியே கண்டறிவதே பெரும் சிகிச்சை.

முதலில் கண்டறியக்கூடியவர் தாய்தான். கண் அயரும் வேளையில் குழந்தை கைகால் உதறித் திடுக்கிடுகிறது. சற்று நேரத்தில் மறுபடியும். கூடவே விடாத வாந்தி, அளவுமீறிய தூக்கம், வேகமான மூச்சு. 'புள்ள பயந்துருக்கு' என்று நம் வீடுகளில் திருநீறு பூசிப் படுக்கவைப்பது இதே அசைவைக் கண்டுதான். பூசட்டும்; ஆனால் கொப்புளமும் காய்ச்சலும் உள்ள குழந்தையை அந்த இரவே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லட்டும். கொப்புளம் குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்றாகாது.

பெரும்பாலான குழந்தைகள் பத்து நாளுக்குள் தாமாகத் தேறுகிறார்கள் என்பது உண்மை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும், புண்பட்ட வாய்க்கு ஆறிய கஞ்சி, மோர் போன்றவையும் போதும். ஆன்டிபயாடிக்கால் பயனில்லை, ஆஸ்பிரின் கூடவே கூடாது.

தடுப்பில் இரண்டு தவறுகள் பரவலாக உள்ளன. இவ்வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஆகவே ஆல்கஹால் சானிடைசரை நம்பியிருக்க முடியாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். மற்றொன்று, கொப்புளம் காய்ந்ததும் கவனத்தைக் கைவிடுவது. அதன் பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறுகிறது. குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கை அதைச் சமையலறைவரை கொண்டுசேர்க்கும்.

2015 இறுதியிலிருந்து சீனா அங்கீகரித்த தடுப்பூசிகள் ஏ71 நோயை 90 விழுக்காட்டுக்கு மேல் தடுத்தன. இதே நோயை உண்டாக்கும் காக்சாக்கி வைரஸ் வகைகளை அவை தடுப்பதில்லை. 2022இல் 'தக்காளிக் காய்ச்சல்' என்ற பெயரில் இந்நோய் பேசப்பட்ட கேரளத்துக்கு வந்துவிட்டு இங்கிலாந்து திரும்பிய இரு குழந்தைகளிடம் காணப்பட்டது காக்சாக்கி ஏ16. எந்த வகை பரவுகிறது என்று அறியாமல் தடுப்பூசியைக் கோருவதில் பொருளில்லை. அதை அறிய வழி இருக்கிறது: போலியோவும் என்டெரோவைரஸே, அதற்காக மலமாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகங்கள் இந்தியாவில் இயங்கிவருகின்றன. கை, கால், வாய் நோய்க் குழந்தைகளின் மாதிரிகளையும் அவற்றுக்கு முறையாக அனுப்பி, வகைவாரியான முடிவுகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.