குண்டு விழும் தூரம் வரை

சொகுசு ஃப்ளாட் விளம்பரம் எதையாவது எடுத்துப் பாருங்கள். வீட்டைப் பற்றி நாலு வரி இருந்தால், வீட்டைச் சுற்றி இருப்பதைப் பற்றி நாற்பது வரி இருக்கும். மெட்ரோ ஐந்து நிமிடம், பள்ளிக்கூடம் பத்து நிமிடம், மார்க்கெட்டுக்கு நடந்தே போகலாம், பால்கனியில் நின்றால் கடல். கொடுக்கிற கோடியில் பெரும்பங்கு செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் இல்லை, அக்கம்பக்கத்துக்குத்தான். சரி, அந்த அக்கம்பக்கத்தை விற்க பில்டருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு 1690இல் கடலூரில் நடந்த ஒரு கிரயம்தான் ஞாபகத்துக்கு வரும்.

தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அன்றைக்கு அது செஞ்சியை ஆண்ட மராட்டியர் வசம். 1689இல் ஔரங்கசீப் சாம்பாஜியைக் கொன்றதும் அவர் தம்பி ராஜாராம் தப்பித்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். முகலாயப் படை பின்னாலேயே வந்து முற்றுகை போட்டது. அது 1698 வரை நீண்டது. போருக்குப் பணம் வேண்டிய நேரம். புரோக்கர் பாஷையில் சொன்னால், 'பார்ட்டி அவசரத்துல இருக்காரு'.

வாங்கியது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது சென்னையில் அதன் தலைவர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு நன்கொடை அனுப்பி, அதற்குத் தன் பெயரே அமையக் காரணமான அதே யேல்தான். வாங்கிய கோட்டைக்கு புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள்.

இந்தக் கிரயத்தின் விசேஷம் அதன் எல்லை. கிழக்கே இன்னார் வயல், மேற்கே வாய்க்கால் என்று எழுதவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போகிறதோ அதுவரை எல்லாம் வாங்குகிறவருக்கு! ஒப்பந்தத்தில் இருந்த ஆங்கில வார்த்தை 'ரேண்டம்'. எங்களைப் போல புரோகிராம் எழுதுகிறவர்கள் இதைக் கேட்டதும் ஏதோ குத்துமதிப்பாகச் சுட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம். அன்றைய பீரங்கிக்காரர்களுக்கு அர்த்தம் வேறு. குறிவைத்து நேராகச் சுடாமல், குழாயை மேலே தூக்கிவைத்து, குண்டை முடிந்த அளவு தூரம் அனுப்புவது. அதாவது குத்துமதிப்பே இல்லை, அதிகபட்சம்.

கம்பெனிக்கு இது நன்றாகவே தெரியும். சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பி, தூரம் கூட்டுவது சுடுகிறவன் கைத்திறமையில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்கள். கணக்கு எளிது. வட்டத்தின் ஆரம் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும். கூடுதல் வெடிமருந்துக்கு ஆகும் செலவில் கூடுதல் கிராமங்கள். அந்த செப்டம்பரில் பல திசையிலும் சுட்டார்கள். கடலூர் நகரமே வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்படி வந்த ஊர்களுக்கு 'குண்டு கிராமம்' என்ற பெயர் பின்னாலும் நிலைத்தது.

அந்த ஊர்களில் ஆட்கள் இருந்தார்கள், இல்லையா? உழுதவர்கள், மீன் பிடித்தவர்கள், தறி போட்டவர்கள். கம்பெனி இந்தக் கரைக்கு வந்ததே சோழமண்டலத்துத் துணிக்காகத்தான். ஆக, நெசவாளி இருக்கும் ஊர் என்பதுதான் அன்றைய 'லொகேஷன்'. அந்த மக்கள் விற்றவரும் இல்லை, வாங்கியவரும் இல்லை. அவர்கள் கிரயத்தோடு சேர்ந்து வந்த வசதி. காலையில் ஒருவர் குடி, குண்டு விழுந்தபின் இன்னொருவர் குடி.

சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே சிதம்பரம். போர்ப் பயத்தால் 1648இல் வெளியே கொண்டுபோன நடராஜர் திருமேனி, சாம்பாஜி காலத்தில், 1686இல்தான் திரும்பி வந்தது. இடைப்பட்ட 38 வருடமும் கோபுரங்கள் அதே இடத்தில்தான் நின்றன, நாலு வீதியும் இருந்தன. ஆனால் தேரில் ஏறவேண்டிய மூர்த்தி ஊரில் இல்லை. கட்டடமும் இடமும் மட்டும் ஊரை ஊராக்கிவிடாது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டாம். அங்கே ஊருக்கு உயிர் திரும்பி நாலே வருடத்தில், அதே அரச குடும்பம் இங்கே ஊர்களைக் குண்டுபோட்டு அளந்து கொடுத்தது.

கோட்டைக்கும் பெரிய வாழ்வு வந்தது. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்ததும் தென்னிந்தியாவில் கம்பெனியின் தலைமையிடம் இங்கே மாறி, 1752 வரை இருந்தது. 1756இல் ராபர்ட் கிளைவ் இதன் கவர்னர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். கிரயமாகி 68 வருடம்தான். இன்று அங்கே போனால் சிதிலம்தான் மிச்சம். ஆனால் தேவனாம்பட்டினம் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி அடித்த பிறகும் அங்கே மக்கள் படகு இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஃப்ளாட் வாங்குகிறவர்களிடம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது ஒன்று உண்டு. கட்டடத்தைப் பார்க்காதே, நிலத்தில் உன் பிரிபடாத பாகம் எவ்வளவு என்று பார். கட்டடம் பழசாகும், மண் பழசாகாது. சரியான யோசனைதான். நான் இன்னொன்றையும் சேர்ப்பேன். விளம்பரத்தில் 'கலகலப்பான ஏரியா' என்று போட்டிருந்தால், அந்தக் கலகலப்பைத் தருவது யார் என்று ஒரு நடை போய்ப் பாருங்கள். மீன் கூடைக்காரம்மா, இஸ்திரி வண்டி, டீக்கடை. அடுக்குமாடிக்கு மதில் எழும்பியபின் அந்த வண்டி எங்கே நிற்கும் என்று விசாரியுங்கள். அவர்களுக்குப் பத்திரத்தில் பாகம் இல்லை. 1690லும் இல்லை.