ஒன்பது மாநிலம், ஒரு ரயில் – 6: மேடிசன் வாசலில் நின்ற ரயில்

இதுவரை: 1996-ல் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்கள் ஒன்பது கைகோத்தன. சிகாகோவை நடுவில் வைத்து 3,000 மைல் நீளத்துக்கு ரயில் வலைப்பின்னல், மணிக்கு 110 மைல் வேகம் என்று திட்டம் தீட்டின. ஆனால், பணம்தான் இல்லை. 2009-ல் ஒபாமா அரசு வேக ரயில்களுக்கு 800 கோடி டாலர் ஒதுக்கியதும் கதை திசை மாறியது.

2010 ஜனவரி 28. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்ற பட்டியல் வெளியானது. மில்வாக்கியிலிருந்து மேடிசனுக்குப் பாதை அமைக்க மட்டும் விஸ்கான்சினுக்கு 81 கோடி டாலர்! அந்த மாநிலத்தின் தலைநகர் மேடிசன். பல்கலைக்கழக நகரம். 1971-க்குப் பிறகு அங்கே பயணிகள் ரயில் வரவில்லை; ஒரு தலைமுறையே கடந்துவிட்டது.

வேகத்தைக் கூட்டுவது ஏன் அவ்வளவு செலவு? இல்லினாயின் நேப்பர்வில்லில் 1946-ல் நின்றிருந்த ரயில்மீது பின்னால் வந்த ரயில் மோதி 45 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, 80 மைல் வேகத்தைத் தொட வேண்டுமானால் ஓட்டுநர் அறையிலேயே சிக்னல் தெரிய வேண்டும், அல்லது ரயில் தானாக நிற்கும் ஏற்பாடு வேண்டும் என்று விதி வந்தது. செலவுக்கு அஞ்சிய கம்பெனிகள் 79 மைலோடு நின்றுவிட்டன. அந்த 79-ஐ 110 ஆக்க சிக்னல், லெவல் கிராசிங், தண்டவாளம் எல்லாவற்றிலும் கைவைக்க வேண்டும்.

திட்டத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சிகாகோவில் புறப்படும் ரயில் மில்வாக்கி, மேடிசன் வழியாகத்தான் மினசோட்டாவின் செயின்ட் பாலுக்குப் போக வேண்டும். நடுவில் விஸ்கான்சின் கதவைச் சாத்தினால், அடுத்த மாநிலத்தின் கனவும் அங்கேயே நின்றுவிடும்.

அந்தக் கதவருகே வந்து நின்றவர் ஸ்காட் வாக்கர். மில்வாக்கி கவுன்டியின் நிர்வாகத் தலைவர், ஆளுநர் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர். “இந்த ரயிலை நிறுத்துவேன்” என்பதே அவருடைய முழக்கம். பாதை போட வாஷிங்டன் பணம் தரும். ஆனால் ஆண்டுதோறும் ரயிலை ஓட்டும் நஷ்டத்தை விஸ்கான்சின் மக்கள்தானே சுமக்க வேண்டும் என்று கேட்டார். அந்தப் பணத்தைச் சாலைகளுக்குத் தரட்டும் என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை ஒன்பது மாநிலங்களும் முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். பாதை, வேகம், நிலையம் என எல்லாவற்றையும் 14 ஆண்டுகள் கணக்கிட்டவர்கள், நடுவில் ஒரு மாநிலம் விலகினால் அதைத் தடுக்கும் அதிகாரத்தை யாருக்கும் தரவில்லை. இந்தத் திட்டத்தின் பலவீனம் தண்டவாளத்தில் இல்லை, இங்கேதான் இருந்தது.

நவம்பர் 2. வாக்கர் ஜெயித்தார். ரயிலுக்குப் பணம் கிடைத்த இன்னொரு மாநிலமான ஒஹையோவிலும், ரயிலை எதிர்த்த ஜான் கேசிக் ஆளுநர் தேர்தலில் ஜெயித்தார். பதவி முடியப்போகும் விஸ்கான்சின் ஆளுநர் ஜிம் டாயில் இரண்டே நாளில் பணிகளைத் தற்காலிகமாக நிறுத்தினார். சாலைக்குப் பணத்தைத் திருப்ப முடியாது என்று வாஷிங்டன் கைவிரித்தது. ரயிலா, வெறுங்கையா? வாக்கர் இறங்கி வரவில்லை.

டிசம்பர் 9. ஒபாமா அரசின் போக்குவரத்துத் துறைச் செயலர் ரே லஹூட், அவரும் குடியரசுக் கட்சிக்காரர்தான், முடிவை அறிவித்தார். இரண்டு மாநிலங்களின் பணம் 119.5 கோடி டாலர் பறிபோனது. பெரும்பங்கு கலிஃபோர்னியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. மில்வாக்கியில் ஒரு பழைய ஆலை வளாகத்தில் ஸ்பெயினின் டால்கோ கம்பெனி, சிகாகோ–மில்வாக்கி தடத்துக்காக 2009-ல் விஸ்கான்சினே ஆர்டர் கொடுத்த இரண்டு ரயில்களைக் கட்டிக்கொண்டிருந்தது. அந்த வேலை நிற்கவில்லை. ரயில்கள் தயாராயின. ஆனால், அமெரிக்க மண்ணில் ஒரு பயணியைக்கூட அவை ஏற்றவில்லை. சுமார் பத்து ஆண்டுகள் கழித்து, ஒரு வெளிநாட்டு மாநிலத்தின் ஆளுநர் மில்வாக்கிக்கே வந்து அவற்றை வாங்கிக்கொண்டு போனார். வேறொரு கண்டத்திலிருந்து வந்த அவர் யார்?

(தொடரும்)